‘வெறும் பிசிக்ஸ்’ போதுமா?

நுழைவுத் தேர்வு முடிவுகள் வந்துவிட்டால் இந்த ஒரு கேள்விதான் பல வடிவங்களில் வந்து சேர்கிறது. ஆராய்ச்சிக்குப் போக வேண்டும். அதற்கு முன் பி.டெக். இன்ஜினியரிங் பிசிக்ஸ் படிப்பதா, இயற்பியலையே படிப்பதா? கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

கேள்வி: ஐஐடியில் இன்ஜினியரிங் பிசிக்ஸ் கிடைக்கும் ரேங்க் எனக்கு. திருவனந்தபுரம் ஐசரிலும் இடம் கிடைக்கும். அமெரிக்காவில் பிஎச்.டி. செய்ய வேண்டும் என்பதில் மாற்றமில்லை. எதை எடுக்கட்டும்? — மாணவி, பாளையங்கோட்டை

பதில்: இரண்டு பாடத்திட்டங்களையும் எடுத்து, ஐந்தாம் ஆறாம் செமஸ்டர்களை மட்டும் அருகருகே வைத்துப் படியுங்கள். முதல் ஆண்டு எங்கே சேர்ந்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. கணிதம், பொது இயற்பியல், வேதியியல், கொஞ்சம் புரோகிராமிங். மூன்றாம் ஆண்டில்தான் பாதை பிரிகிறது. ஐசரில் இயற்பியலை முதன்மைப் பாடமாக எடுத்தவர் அப்போது குவாண்டம் இயக்கவியல், மின்காந்தவியல், புள்ளியியல் இயக்கவியல் என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டிருப்பார். இன்ஜினியரிங் பிசிக்ஸ் மாணவரும் இவற்றைப் படிப்பார். ஆனால் அதே வாரத்தில் எலெக்ட்ரானிக்ஸ், சிக்னல்கள், குறைகடத்திச் சாதனங்கள் என்று வேறு சுமையும் அவர் தோளில் இருக்கும்.

அடுத்தது காலக் கணக்கு. சேரும்போது பலரும் இதைக் கவனிப்பதில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம் பெரும்பாலும் டிசம்பரில் போயாக வேண்டும். வகுப்பு அடுத்த ஆகஸ்ட் வாக்கில் தொடங்கும். நான்காண்டு பி.டெக். மாணவர் அந்த டிசம்பரில் ஏழாம் செமஸ்டரின் முடிவில் இருப்பார். கையில் ஆறு செமஸ்டர் மதிப்பெண், உருப்படியாக ஆய்வு செய்யக் கிடைத்த இரண்டு கோடை விடுமுறைகள். அவ்வளவுதான். ஐசரின் ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். மாணவருக்கோ எட்டு செமஸ்டர் முடிந்திருக்கும். கூடுதலாக ஒரு கோடை. ஐந்தாம் ஆண்டு ஆய்வேடும் பாதி வளர்ந்திருக்கும். அவருக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதும் பேராசிரியர், ‘இந்த மாணவி என் ஆய்வகத்தில் இதைச் செய்தாள்’ என்று பெயர் சொல்லி எழுத முடியும். ஓர் ஆண்டு கூடுதலாகப் படிப்பதை வீண் என்று கணக்கிடாதீர்கள்.

கோட்பாட்டு இயற்பியல்தான் என்று மனம் உறுதியாக இருந்தால் ஐசருக்கே போகச் சொல்வேன். ஆனால் உங்கள் கடிதத்தில் பள்ளி ஆய்வகத்தில் மின்சுற்று அமைத்ததைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். கருந்துளை பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. அந்த அரைப் பக்கத்தை நம்பிச் சொல்கிறேன்: இன்ஜினியரிங் பிசிக்ஸ். சேர்ந்த முதல் ஆண்டே ஒரு ஆய்வகத்தின் கதவைத் தட்டிவிடுங்கள். உங்களுக்கு இருப்பது இரண்டே கோடைகள்.

கேள்வி: இரண்டு படிப்புக்கும் வித்தியாசத்தைச் சுருக்கமாகச் சொல்லுங்களேன். — மாணவர், காரைக்குடி

பதில்: லேசர் ஏன் ஒளிர்கிறது என்பது ஒரு படிப்பின் தொடக்கம். அதை அணையாமல், அலையாமல் எப்படி ஒளிர வைப்பது என்பது மற்றதன் தொடக்கம். நல்ல ஆய்வகத்தில் இரண்டு கேள்விகளும் ஒரே மேசைக்கு வந்துவிடும்.

கேள்வி: என் அக்கா அண்ணா பல்கலைக்கழகத்துக் கல்லூரியில் முதல் செமஸ்டரில் ‘இன்ஜினியரிங் பிசிக்ஸ்’ படித்தாள். அதுதானா இது? — பிளஸ் டூ மாணவர், நாமக்கல்

பதில்: இல்லை தம்பி. அக்கா படித்தது ஒரு தாள். எந்தக் கிளையில் சேர்ந்தாலும் முதலாண்டில் எழுதியாக வேண்டிய தாள். நீங்கள் கேட்பது நான்காண்டுப் பட்டம். சென்னை, மும்பை, டெல்லி, குவாஹாட்டி, ரூர்க்கி, ஹைதராபாத் ஐஐடிகளில் உண்டு. கோழிக்கோடு என்ஐடியிலும் உண்டு. திருவனந்தபுரத்தில் விண்வெளித் துறையின் ஐஐஎஸ்டி இதை ஐந்தாண்டு இரட்டைப் பட்டமாகத் தருகிறது. எல்லாவற்றுக்கும் வழி ஜேஇஇதான். வெறும் இயற்பியலுக்கு வாசல்கள் இன்னும் அதிகம்: ஐசர்களுக்கு ஐஏடி தேர்வு, புவனேஸ்வரம் நைசருக்கு நெஸ்ட், சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதக் கழகத்துக்கு அதன் சொந்த நுழைவுத் தேர்வு. ஜேஇஇ வழியிலேயே கான்பூர் ஐஐடியில் நான்காண்டு பி.எஸ். இயற்பியலும் இருக்கிறது. ஜேஇஇ கைகொடுக்காததால் இயற்பியலே போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இந்தப் பட்டியலைக் காட்டுங்கள்.

கேள்வி: பி.டெக். என்றால் வேலை நிச்சயம். வெறும் பிசிக்ஸ் படித்தால் டியூஷன்தான் எடுக்க வேண்டும் என்கிறார்கள். மகன் பிசிக்ஸ்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். நான் என்ன செய்ய? — தந்தை, ஈரோடு

பதில்: ஐயா, கடன் வாங்கிப் படிக்க வைக்கும் குடும்பத்துக்கு வருமானம் எப்போது தொடங்கும் என்று கேட்க முழு உரிமை உண்டு. அந்தக் கேள்வியைச் சுயநலம் என்று சொல்பவர்கள் பேச்சை நீங்கள் கேட்க வேண்டாம். ஆனால் விவரத்தோடு கேளுங்கள்.

ஐஐடிகளில் இன்ஜினியரிங் பிசிக்ஸ் முடித்தவர்களில் பலர் மென்பொருள், தரவுப் பகுப்பாய்வு, நிதி நிறுவனங்களுக்குப் போகிறார்கள். அந்த நிறுவனங்களை வரவழைப்பது வளாகம். அந்த வேலையை வாங்கித் தருவது பையனின் கணக்கும் புரோகிராமிங்கும். கிளையின் பெயருக்கு அதில் சின்னப் பங்குதான். அரசுப் பொறியாளர் வேலையைப் பார்த்தால் நிலைமை இன்னும் வேறு. கேட் தேர்வில் இயற்பியலுக்குத் தாள் இருக்கிறது, எலெக்ட்ரானிக்ஸுக்கு இருக்கிறது. இன்ஜினியரிங் பிசிக்ஸ் என்று தனித்தாள் கிடையாது. பொதுத்துறை அறிவிப்புகளில் மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் என்று கிளையைப் பெயர் சொல்லிக் கேட்பார்கள். உங்கள் மகனின் பட்டம் அதற்குள் அடங்குமா என்று ஒவ்வொரு அறிவிப்பிலும் தேட வேண்டியிருக்கும். அந்த வேலைதான் குறி என்றால், இரண்டும் வேண்டாம், எலெக்ட்ரிக்கல் படிக்கட்டும்.

ஆராய்ச்சிதான் குறி என்றால் இன்னொரு கணக்கைப் பாருங்கள். இயற்கை அறிவியல் படிப்பவர்களுக்கு மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய் வரை உண்டு, பி.டெக். மாணவருக்கு அது கிடையாது. இந்தியாவில் பிஎச்.டி. சேர்ந்து ஜேஆர்எஃப் ஆய்வு உதவித்தொகை கிடைத்துவிட்டால் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப்படி தனி. 2023 ஜனவரி முதல் இதுதான் வீதம். அமெரிக்காவில் இயற்பியல் முனைவர் படிப்பில் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, கற்பித்தல் அல்லது ஆய்வு உதவியாளராக வைத்துக்கொண்டு சம்பளமும் தருவதுதான் வழக்கம். அந்த ஐந்தாறு ஆண்டுகள் நீங்கள் பணம் அனுப்ப வேண்டியிருக்காது. பெரிய வருமானமும் வராது. இந்த இரண்டையும் மகனோடு உட்கார்ந்து பேசிவிட்டால், அடம் என்று நீங்கள் நினைப்பது எவ்வளவு ஆழமானது என்று தெரிந்துவிடும்.

கேள்வி: பிஎச்.டி. தேர்வுக் குழுவினர் ‘இவர் இன்ஜினியர்தானே’ என்று ஒதுக்கிவிடுவார்களா? — பி.டெக். இரண்டாம் ஆண்டு, சென்னை

பதில்: ஒதுக்க மாட்டார்கள். அவர்கள் முதலில் பார்ப்பது உங்கள் மதிப்பெண் பட்டியலில் நான்கு பாடங்களை: செவ்வியல் இயக்கவியல், மின்காந்தவியல், குவாண்டம் இயக்கவியல், புள்ளியியல் இயக்கவியல். சேர்ந்த பிறகு பல துறைகள் வைக்கும் தகுதித் தேர்வும் இந்த நான்கைச் சுற்றித்தான். லக்ராஞ்சியன் தெரியாமல், மேக்ஸ்வெல் சமன்பாடுகளைத் தயக்கமில்லாமல் கையாளத் தெரியாமல் அங்கே போய் இறங்கினால் முதல் ஆண்டு நரகம். இந்த நான்கும் முழு ஆழத்தில் இருந்தால் பட்டத்தின் தலைப்பில் ‘இன்ஜினியரிங்’ இருப்பது யாரையும் உறுத்தாது. இயற்பியல் ஜிஆர்இயைப் பல துறைகள் இப்போது கட்டாயமாக்குவதில்லை. அதனால் பாடங்கள், ஆய்வு அனுபவம், கடிதங்கள் மூன்றின் எடையும் கூடியிருக்கிறது.

2018இல் இயற்பியல் நோபல் பெற்ற டோனா ஸ்டிரிக்லண்ட் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1981இல் முடித்தது இன்ஜினியரிங் பிசிக்ஸ்தான். அந்தப் படிப்பில் லேசர் இருந்ததாலேயே அதில் சேர்ந்தார். பிறகு ராசெஸ்டரில் பிஎச்.டி.; அங்கே மாணவியாக இருந்தபோது 1985இல் ஜெரார் மூரூவோடு எழுதிய கட்டுரைதான் பரிசு வாங்கித் தந்தது. பால் டிராக் 1921இல் பிரிஸ்டலில் மின்பொறியியல் பட்டம் பெற்று, வேலை கிடைக்காமல் கணிதத்துக்குப் போனவர். இயற்பியலுக்கு இரண்டு முறை, 1956இலும் 1972இலும், நோபல் பெற்ற ஒரே மனிதர் ஜான் பார்டீன். அவர் முதலில் படித்ததும் மின்பொறியியல். பிரின்ஸ்டனில் அவருக்கு வழிகாட்டிய யூஜின் விக்னர் வேதிப்பொறியியல் படித்தவர். பொறியியல் வாசலை இயற்பியல் ஒருநாளும் பூட்டி வைத்ததில்லை.

ஆனால் நோபல் பெயர்களைப் பார்த்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். டிராக் எங்கே படித்திருந்தாலும் டிராக்தான். நமக்கெல்லாம் பாடத்திட்டம் முக்கியம்.

கேள்வி: எந்த ஜிபிஏவுக்குக் கீழே போனால் கனவை மறக்க வேண்டும்? — பி.டெக். மூன்றாம் ஆண்டு, வேலூர்

பதில்: கோடு எதுவும் கிடையாது. ஒர்க்‌ஷாப்பிலும் டிராயிங்கிலும் மதிப்பெண் இழந்தால் சமாளிக்கலாம். குவாண்டத்தில் இழந்திருந்தால் அடுத்த நிலைப் பாடத்தை எடுத்து, அதில் நல்ல மதிப்பெண் வாங்கிக் காட்டுங்கள்.

கேள்வி: அப்துல் கலாம் பி.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டுப் பொறியியலுக்குப் போனார். அதைத் திருப்பிப் போட முடியுமா? பொறியியலில் இருந்து இயற்பியலுக்கு? — ஆசிரியை, திருச்சி

பதில்: அம்மா, விடை உங்கள் ஊரிலேயே இருக்கிறது. கலாம் படித்தது திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி; 1954இல் இயற்பியல் முடித்து, குரோம்பேட்டை எம்ஐடிக்கு விமானப் பொறியியல் படிக்கப் போனார். இயற்பியல் தனக்கான துறை இல்லை என்பதைப் பிந்தித் தெரிந்துகொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். அவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னால் அதே கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் முடித்தவர் ஜி.என். ராமச்சந்திரன். அவரும் பொறியியலுக்குத்தான் போனார். 1942இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் துறையில் சேர்ந்தார். அங்கே சி.வி. ராமன் இருந்தார். இந்தப் பையன் இயற்பியலுக்கு உரியவன் என்று தன் துறைக்கு இழுத்துக்கொண்டார். அந்தப் பையன்தான் பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு, கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய வடிவம் என்று 1954இல் கோபிநாத் கர்த்தாவோடு சொன்னவர். 1963இல் வந்த ராமச்சந்திரன் வரைபடத்தை இன்றும் உலகம் முழுக்கப் புரத ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள்.

ஒரே கல்லூரி, ஒரே பாடம், எதிரெதிர்த் திசைகள். இருவருமே இருபதுகளின் தொடக்கத்தில் திசை மாறினார்கள். உங்கள் வகுப்பில் இந்த இரண்டு பேரையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒருவரை மட்டும் சொன்னால் இயற்பியல் என்பது பொறியியலுக்குப் போகும் வழியில் ஒரு நிறுத்தம் என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள்.

கேள்வி: அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. ஐஐடி, ஐசர் பற்றியெல்லாம் கல்லூரிக்கு வந்த பிறகுதான் கேள்விப்பட்டேன். எனக்கு இனி வழி உண்டா? — மாணவர், திண்டுக்கல்

பதில்: உண்டு. இந்தப் பகுதியிலேயே நீளமான பதில் உங்களுக்குத்தான்.

உங்கள் பட்டம் மூன்றாண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல பதினாறு ஆண்டுப் படிப்பை எதிர்பார்ப்பதால் பி.எஸ்சி. முடித்த கையோடு அங்கே போவது கடினம். அதற்காகக் கவலைப்பட வேண்டாம். நடுவில் ஒரு படி ஏறினால் போதும். அந்தப் படி நம் நாட்டிலேயே இருக்கிறது. ஜாம் தேர்வு எழுதினால் ஐஐடிகளில் இரண்டாண்டு எம்.எஸ்சி. கிடைக்கும், இந்திய அறிவியல் கழகத்தின் ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்கும் அதுவே வழி. ஜெஸ்ட் எழுதினால் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் கதவு திறக்கலாம். டிஐஎஃப்ஆர் ஆய்வு நிறுவனம் தனித் தேர்வு நடத்துகிறது. இவை கேட்பது பெரும்பாலும் பி.எஸ்சி. பாடம்தான். ஆனால் கேட்கும் விதம் வேறு. நம் பல்கலைக்கழகத் தேர்வில் ‘தருவி’, ‘விவரி’ என்று கேட்பார்கள். அங்கே புதிதாக ஒரு நிலைமையைக் கொடுத்து, என்ன நடக்கும் என்று கேட்பார்கள். நமக்குக் குறைவது அந்தப் பழக்கம் மட்டுமே.

அதனால் இன்றிலிருந்து ஒரு மாற்றம் செய்யுங்கள். முருகேசன் புத்தகத்தைத் தேர்வுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதன் பக்கத்தில் இயக்கவியலுக்குக் கிளெப்னர்-கோலன்கோவ், மின்காந்தவியலுக்கும் குவாண்டத்துக்கும் கிரிஃபித்ஸ் வையுங்கள். ஒரு அத்தியாயத்தைப் படித்தால் அதன் பின்னால் இருக்கும் கணக்குகளைப் போடாமல் அடுத்ததற்குப் போகாதீர்கள். ஒரு கணக்கு இரண்டு நாள் எடுத்தால் எடுக்கட்டும். வகுப்பில் புரியாதது இருந்தால், என்பிடெல் இணையப் பாடத் தளத்தில் சென்னை ஐஐடி பேராசிரியர் வி. பாலகிருஷ்ணன் நடத்திய செவ்வியல் இயற்பியல், குவாண்டம் இயற்பியல் வகுப்புகள் முழுமையாக, இலவசமாக இருக்கின்றன. அந்த வகுப்புகளை உட்கார்ந்து கேட்க ஐஐடி ரேங்க் தேவையில்லை. இந்தியாவில் இயற்பியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய நன்கொடை ஒன்று அண்மைக் காலத்தில் வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வு நல்கைக்கு விண்ணப்பியுங்கள். இரண்டு மாதம் ஒரு உண்மையான ஆய்வுக் குழுவில் உட்கார இடம் கிடைக்கும், செலவுக்குப் பணமும் கிடைக்கும். கிடைக்காவிட்டால் அடுத்த ஆண்டும் போடுங்கள்.

ஆங்கிலம் பற்றிப் பயந்திருக்கிறீர்கள். இயற்பியல் ஆங்கிலம் சில நூறு சொற்களுக்குள் அடங்கிவிடும். கணக்குப் போடப் போட அது தானாக வந்துவிடும். வழி இல்லையே என்றும் கலங்காதீர்கள். சி.வி. ராமன் மாநிலக் கல்லூரியில் படித்து முடித்து, வேறு வழி இல்லாமல் 1907இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா போனவர். பத்து ஆண்டுகள், அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் ஒரு ஆய்வுக் கழகத்துக்குப் போய் வேலை செய்தார். 1930இல் நோபல் வந்தது. அவருக்கு ஜாமும் இல்லை, என்பிடெலும் இல்லை.

கேள்வி: இன்ஜினியரிங் பிசிக்ஸ் சேர்ந்துவிட்டேன். இப்போது பொதுச் சார்பியலும் குவாண்டம் புலக் கோட்பாடும்தான் பிடிக்கிறது. தவறான வண்டியில் ஏறிவிட்டேனா? — மாணவர், கோயம்புத்தூர்

பதில்: வண்டி சரிதான், இறங்கும் இடத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். ஐஐடிகளில் இன்ஜினியரிங் பிசிக்ஸை இயற்பியல் துறையே நடத்துவதால் எம்.எஸ்சி. மாணவர்களுக்கான உயர்நிலைப் பாடங்கள் பக்கத்து வகுப்பறையில்தான் நடக்கும். உங்கள் விருப்பப் பாட இடங்களை வேறு எதற்கும் கொடுக்காமல் அவற்றுக்கே கொடுங்கள். கணிதத் துறையில் குழுக் கோட்பாடும் வகைநுண்கணித வடிவியலும் எடுக்க முடிந்தால் விடாதீர்கள். ஒன்றை மட்டும் நேராகச் சொல்லிவிடுகிறேன்: கோட்பாட்டில் போட்டி மிகக் கடுமை. நான்காண்டு முடிந்ததும் விண்ணப்பம் பலிக்காவிட்டால், கேம்பிரிட்ஜில் ‘பார்ட் த்ரீ’ போன்ற ஓராண்டு முதுகலையோ, இங்கேயே ஒரு எம்.எஸ்சி.யோ செய்துவிட்டுப் போவதில் வெட்கப்பட எதுவுமில்லை.

கேள்வி: கருவி கட்டுபவர்களுக்கு ஆராய்ச்சி உலகில் இரண்டாம் இடம்தான் என்று எங்கள் சீனியர் சொல்கிறார். — மாணவி, புதுச்சேரி

பதில்: உங்கள் சீனியருக்கு சைமன் வான்டர் மீரைத் தெரியாது போலிருக்கிறது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட்டில் 1952இல் தொழில்நுட்ப இயற்பியலில் பொறியாளர் பட்டம் பெற்றவர், பிஎச்.டி. செய்யவே இல்லை. செர்ன் ஆய்வகத்தில் எதிர்ப்புரோட்டான் கற்றைகளைச் சிதறாமல் அடர்த்தியாக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அந்த முறை இல்லாமல் 1983இல் டபிள்யூ, இசட் துகள்கள் கிடைத்திருக்காது. மறு ஆண்டே கார்லோ ரூபியாவோடு நோபல்.

ஈர்ப்பலைகளை ஐன்ஸ்டைன் 1916இல் தாளில் எழுதினார். 2015 செப்டம்பர் 14 வரை அந்தத் தாள் காத்திருந்தது. நான்கு கிலோமீட்டர் நீளக் கையில், புரோட்டானின் அகலத்தைவிடப் பல நூறு மடங்கு சிறிய அசைவை அளக்கும் லேசரையும் வெற்றிடக் குழாயையும் கண்ணாடித் தொங்கலையும் ஆட்கள் கட்டி முடித்த பிறகுதான் அது உண்மை என்று நேரடியாகத் தெரிந்தது. அதே வகைக் கருவியை மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலியில் லைகோ-இந்தியா என்ற பெயரில் அமைக்க மத்திய அரசு 2023 ஏப்ரலில் 2,600 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. அதே மாதம் 6,003 கோடியில் தேசியக் குவாண்டம் திட்டமும் வந்தது. அதன் தகவல்தொடர்பு மையம் சென்னை ஐஐடியில் இருக்கிறது. காவலூரில் உள்ள 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இந்தியர்களே வடிவமைத்துக் கட்டியது. இவை எல்லாவற்றுக்கும் குவாண்டமும் தெரிந்து, சால்டரிங் கம்பியும் பிடிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் நம்மிடம் குறைவு. சீனியர் பேச்சை விடுங்கள், உங்கள் மின்சுற்றைக் கவனியுங்கள்.

கேள்வி: ஜெர்மனிக்கு? — மாணவர், சேலம்

பதில்: அங்கே பெரும்பாலும் முதலில் இரண்டாண்டு முதுகலை, பிறகுதான் முனைவர். உங்கள் பட்டத்தின் பெயரைவிட, எத்தனை கிரெடிட் இயற்பியல், எத்தனை கிரெடிட் கணிதம் என்று எண்ணிப் பார்ப்பார்கள். இன்ஜினியரிங் பிசிக்ஸ் மாணவர்கள் இடறும் இடம் இதுதான். பொறியியல் தாள்கள் அந்த எண்ணிக்கையில் சேராமல் போகலாம். மூன்றாம் ஆண்டிலேயே விரும்பும் பல்கலைக்கழகத்தின் நிபந்தனையைப் பார்த்து, குறைவதை விருப்பப் பாடமாக எடுத்து நிரப்புங்கள். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் இல்லை. இந்திய மாணவர்களுக்குக் கல்வித் தகுதியைச் சரிபார்க்கும் ஏபிஎஸ் சான்றிதழ் கட்டாயம். கடைசி நேரத்துக்கு விடாதீர்கள்.

கேள்வி: திருச்சி என்ஐடியில் இசிஇ, ஐஐடியில் இன்ஜினியரிங் பிசிக்ஸ். பிஎச்.டி. இயற்பியலில்தான். — மாணவர், தஞ்சாவூர்

பதில்: இன்ஜினியரிங் பிசிக்ஸ். இசிஇயில் சேர்ந்தால், மேலே சொன்ன அந்த நான்கு பாடங்களில் மூன்றை நீங்களே தனியாகப் படிக்க வேண்டியிருக்கும். பிஎச்.டி. பற்றி உள்ளுக்குள் சந்தேகம் இருந்தால் மட்டும் இசிஇ.

கேள்வி: புற்றுநோய் மருத்துவமனையில் கதிரியக்க இயற்பியலாளர் ஆக வேண்டும். இன்ஜினியரிங் பிசிக்ஸ் உதவுமா? — மாணவி, மதுரை

பதில்: இங்கே வெறும் இயற்பியல்தான் நேர் வழி. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இந்தப் பணிக்கு இயற்பியலை முக்கியப் பாடமாகக் கொண்ட அறிவியல் பட்டத்தையும், அதன்மேல் மருத்துவ இயற்பியல் தகுதியையும், மருத்துவமனைப் பயிற்சியையும் கேட்கிறது. பி.எஸ்சி. இயற்பியலில் சேருங்கள். நல்ல வேலை, மிகத் தேவையான வேலை.

கேள்வி: பி.டெக். முடித்து நேராக பிஎச்.டி. சேர்ந்துவிட்டால் பிற்காலத்தில் கல்லூரிப் பேராசிரியர் ஆவதில் சிக்கல் வருமா? — பி.டெக். மாணவி, சென்னை

பதில்: ஐஐடி, ஐசர் போன்ற இடங்களில் முனைவர் பட்டத்தையும் ஆய்வையும்தான் பார்ப்பார்கள். யுஜிசி விதிப்படி நடக்கும் கல்லூரிகளிலோ, உரிய பாடத்தில் 55 சதவீதத்தோடு முதுகலைப் பட்டத்தையும் கேட்பார்கள். நம் ஊர்க் கல்லூரியில் கற்பிப்பதுதான் உங்கள் ஆசை என்றால், போகும் வழியில் எம்.எஸ்சி. பட்டமும் கையில் வரும் திட்டமாகப் பார்த்துச் சேருங்கள். அமெரிக்காவில் பல துறைகள் பிஎச்.டி.யின் நடுவிலேயே முதுகலைப் பட்டம் தந்துவிடும். கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பரிந்துரைக் கடிதம் யாரிடம் வாங்குவது? துறைத் தலைவரிடம் வாங்கினால் மதிப்பு கூடுமா? — மாணவர், விருதுநகர்

பதில்: உங்களைப் பெயர் தெரியாமல் ரோல் நம்பரால் அறிந்திருக்கும் துறைத் தலைவரைவிட, உங்களோடு இரவு பத்து மணிவரை ஆய்வகத்தில் நின்ற இளம் ஆசிரியர் எழுதும் கடிதம் நூறு மடங்கு மேல். ‘ஒழுக்கமான மாணவர், வகுப்புக்குத் தவறாமல் வருவார்’ என்று எழுதிய கடிதத்தால் எந்தப் பயனும் இல்லை. ‘நான் கொடுத்த முறை வேலை செய்யாதபோது இவன் வேறு முறையைக் கொண்டுவந்தான்’ என்று ஒரு வரி இருந்தால் போதும். மூன்று கடிதம் வேண்டியிருக்கும். அதில் குறைந்தது இரண்டு ஆய்வு சார்ந்ததாக இருக்கட்டும். நவம்பரில் போய்த் திடீரென்று கேட்காதீர்கள்; ஆசிரியர்களுக்கும் அவகாசம் வேண்டும்.

கேள்வி: எல்லாம் படித்தேன். இன்னும் முடிவு எடுக்க முடியவில்லை. கவுன்சலிங்குக்கு இன்னும் சில நாட்களே. — மாணவி, நாகர்கோவில்

பதில்: அப்படியென்றால் இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். பாலகிருஷ்ணனின் குவாண்டம் வகுப்புகளில் முதல் இரண்டைக் கேளுங்கள். முழுதும் புரியாது, பரவாயில்லை. மறுநாள் யாரிடமாவது ஒரு பழுதான ரேடியோவோ மின்விசிறி ரெகுலேட்டரோ வாங்கி, மின்இணைப்பு இல்லாமல் திறந்து, எந்தப் பாகம் எதற்கு என்று தேடிப் பாருங்கள். எதில் நேரம் போனதே தெரியவில்லை என்று எனக்கு எழுதுங்கள். எழுதுவதற்கு முன்பே உங்களுக்கு விடை தெரிந்திருந்தால், கடிதத்தை விட்டுவிட்டு கவுன்சலிங் விருப்பப் பட்டியலில் அந்தப் படிப்பை முதலில் போடுங்கள்.